சேவ் பண்ணவா, வேண்டாமா?

எங்கள் ஊரில் ஒருவர் செத்துப்போனால், குளிப்பாட்டுவதற்கும் கோடி போடுவதற்கும் முன்னால், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் போட்டோ கொண்டுவந்தவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கப்படும். கேட்கிறவள் பஜாரில் டிடிபி கடை வைத்திருக்கும் சண்முகக்கனி. "சேவ் பண்ணவா, வேண்டாமா?" என்பதுதான் கேள்வி. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். நெட்டூரணியில் பிறந்து நெட்டூரணியிலேயே சாகப்போகிற எங்களுக்கு அது காபியா டீயா என்று கேட்பது மாதிரி பழகிவிட்டது என்று சொன்னால், அது பொய். பழகிவிட்ட மாதிரி இருக்கிறோம், அவ்வளவுதான்.

நெட்டூரணியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைகள். நாங்கள் காத்தாடி என்போம். ஆனி பிறந்துவிட்டால் போதும், மேற்கே மலைக்கணவாயிலிருந்து இறங்கி வருகிற காற்று வேட்டியை உருவும், சோற்றுத் தட்டில் மண்ணைத் தூவும், பேசுகிறவன் பேச்சை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும். அந்தக் காற்றைப் பிடித்துக் காத்தாடிகள் சுற்றிச் சுற்றிக் கரண்ட் எடுத்து, எங்கள் தலைக்கு மேலேயே கம்பியில் ஏற்றி, நாங்கள் பார்த்தேயிராத ஊர்களுக்கு அனுப்பிவைக்கும். அதே காற்று எங்கள் தெருக் கம்பிகளை ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொட்டென்று எங்கள் கரண்டை நிறுத்திவிடும். இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பி எங்களுக்கே அலுத்துப்போய்விட்டது.

கனியின் கடைக்குப் பக்கத்துக் கடை அவள் புருஷன் தவசியுடையது. ஃப்ரீசர் பெட்டி, பிளாஸ்டிக் சேர், பந்தல் சாமான் வாடகைக்கு விடுவான். ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டு ஆள் முதலில் தவசி கடைக்கு வந்து பெட்டி சொல்லிவிட்டு, அப்படியே ஓரடி தள்ளிக் கனி கடைக்குள் போட்டோவோடு நுழைவார். கனி அந்தப் போட்டோவை ஸ்கேன் பண்ணி, வாழ்நாளெல்லாம் துண்டோடு திரிந்தவருக்குக் கூடக் கோட்டும் டையும் மாட்டி, தலைக்குப் பின்னால் நீல வானமும் இரண்டு வெள்ளைப் புறாக்களும் வைத்து, ஒரு பக்கம் தோற்றம், மறுபக்கம் மறைவு என்று தேதிகளை அடிப்பாள். கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவர் ஒரு வரி அடி, ஒரு சேவ் போடு என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்திருந்ததால், வரி முடிந்ததும் அவளுடைய இடதுகைச் சுண்டுவிரல் தானாகப் போய்க் கன்ட்ரோலை அமுக்கும், பக்கத்து விரல் எஸ்ஸைத் தட்டும். அதனால் கரண்ட் எத்தனை தடவை போனாலும் அவளிடம் எதுவும் தொலைந்ததில்லை.

இந்த இருவருக்கும் மகளாகச் சுபாஷினி பிறந்தாள், நர்ஸுக்குப் படித்தாள், கூட வேலை பார்த்த அருள்தாஸ் என்கிற வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செய்தி வந்த அன்றைக்குத் தவசி, மகளின் காலேஜ் கார்டில் இருந்த போட்டோவைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, வாடிக்கைக்காரன் மாதிரி கனி கடைக்குள் வந்து நின்றான்.

"கண்ணீர் அஞ்சலி ஒண்ணு அடி. மறைவுன்னு நேத்துத் தேதியப் போடு."

"என் கைய வெட்டிப் போட்டாலும் அடிக்க மாட்டேன்," என்றாள் கனி.

தவசி பக்கத்து ஊருக்குப் போய் அடித்துக்கொண்டு வந்தான். அவனே மைதாப் பசை காய்ச்சி, அவனே பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் சந்தைச் சுவரிலும் ஒட்டினான். இந்தப் பக்கத்தில் ஓடிப்போன பிள்ளைக்கு அப்படி ஒட்டுகிற கொடுமை உண்டு என்றாலும், ஒட்டினவன் எங்கள் தவசி என்றதும் தலையைக் குனிந்துகொண்டுதான் அந்தச் சுவரைக் கடந்தோம். ஆனாலும் ஒருத்தரும் போய்க் கிழிக்கவில்லை. கனி அதற்குப் பிறகு புருஷனோடு பேசவே இல்லை. ஒரே வீட்டில் சமைத்தாள், தட்டை வைத்தாள், துணியைத் துவைத்தாள், வாயைத் திறக்கவில்லை.

போஸ்டர் ஒட்டிய மறுநாள் காலையில் பால் சொசைட்டித் தலைவர் வேலாயுதசாமி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய மருமகன் போட்டோ கொண்டுவந்தான். கனி அடித்தாள். கண் திரையில் இருந்தது, மனசு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருந்தது, விரல் சேவ் போட மறந்துபோனது. மறைவு என்று அடித்துத் தேதியையும் அடித்து முடித்தபோது காற்று ஒரு தூக்குத் தூக்கியது, கரண்ட் போனது, திரை இருண்டது. அதே நேரத்தில் அங்கே வேலாயுதசாமி வீட்டில், மாலைகளுக்கு நடுவில், ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மூடியை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

மூடியைத் திறந்ததும் வேலாயுதசாமி எழுந்து உட்கார்ந்தார். பிறகு கை விரலை மடக்கிப் பார்த்தார், கால் விரலை அசைத்துப் பார்த்தார், நாக்கை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக நகர்த்திப் பார்த்தார். "இவ்ளோ குளுருதே, ஒரு டீ போடப்பிடாதா?" என்றார். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள், கோடித் துணியோடு சம்பந்திகள் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், தெருவெல்லாம் சேர் போட்டாகிவிட்டது. வந்த சனத்தை வெறும் வயிற்றோடு அனுப்புவதா என்று யோசித்து, காது குத்தாமல் தள்ளிக்கொண்டேயிருந்த பேத்திக்கு அன்றைக்கே காது குத்தி, அதே பந்தலில் பந்தி போட்டார்கள். மேளக்காரர்கள் அடியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வேலாயுதசாமி எழுந்துவந்தார், ஆனால் கடைசி வரைக்கும் எழுந்துவரவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், வரப்புத் தகராறில் தம்பியோடு வெட்டுக்குத்து ஆவதற்கும் முன்னால், எங்கேயோ ஒரு நாளில் அவர் நின்றுபோயிருந்தார். நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்துபோய், "லேய் சின்னவனே, மோர் இருந்தாக் குடு," என்று கேட்டார். முகத்தில் முழிக்க மாட்டேன் என்றிருந்த தம்பி உள்ளே ஓடிப்போய்க் கொஞ்ச நேரம் சத்தமாக அழுதுவிட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டுக்குத் திரும்பினால், காதில் ரத்தத்தோடு மடியில் ஏறி உட்கார்ந்த பேத்தியைப் பார்த்து, "இது யாரு வீட்டுப் புள்ள?" என்றார். அந்த இடத்தில் அவருடைய மனைவி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கரண்ட் வந்து கனி கம்ப்யூட்டரைப் போட்டபோது அதுவும் உடனே எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓட ஓடத் தன்னைத்தானே தடவிப் பார்த்துக்கொண்டது. கடைசியில் திறந்துகொண்டபோது எல்லாம் இருந்தது, சேவ் பண்ணாத வேலாயுதசாமி மட்டும் இல்லை. கம்ப்யூட்டரில் தேதி எந்த வருஷத்திலோ போய் நின்றது.

அடுத்ததாக இட்லிக்கடைப் பேச்சித்தாய்க்கு அடிக்கும்போதும் கரண்ட் போனது. அன்றைக்கும் கனியின் மனசு சுவரில்தான் இருந்தது. பேச்சித்தாய் எழுந்து வந்தாள். அவளுக்கு நாள் குறையவில்லை, வார்த்தை குறைந்துபோனது. கெட்டுப்போன ஃபைலில் எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் வருமே, அந்த மாதிரி பேசிக்கொண்டே வருகிறவள் ஓரிடத்தில் வாயை மட்டும் அசைப்பாள், சத்தம் இருக்காது. இட்லி சாப்பிடுகிறவர்களே அந்த வார்த்தையை எடுத்துக்கொடுப்பார்கள். பிறகு கணக்கு வாத்தியார் தங்கப்பழம் ஒரே ஒரு சாயங்காலத்தை மட்டும் தொலைத்துவிட்டு எழுந்தார். எந்தச் சாயங்காலம், அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் இன்னும் தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விஷயம் புரிந்ததும் ஊர் கூடிப் பேசியது. வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார்கள், ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் யாருக்கும் தெரியாமல், அதன் இஷ்டத்துக்குத்தான் போகவேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் தடையில்லாத மின்சாரம் கேட்டு மனுக் கொடுப்பார்கள். நாங்கள், நிறுத்துகிற நாளை முன்கூட்டி அறிவிக்கக் கூடாது என்று மனுக் கொடுத்தோம். யுபிஎஸ் விற்க வந்தவனை டீ வாங்கிக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். கனி ஒரு தடவை, "கம்ப்யூட்டர் செத்துரும் போலிருக்குங்க, ஒவ்வொரு தடவையும் உள்ள டக்டக்குங்குது," என்று சொன்னபோது, பொறுத்துக்கோம்மா என்றோம். எங்களுக்கு எங்கள் ஆள் வேண்டும், கம்ப்யூட்டருக்கு வலிப்பது எங்களுக்கென்ன தெரியும்?

ஆனால் எல்லாருக்கும் எல்லாரும் வேண்டும் என்று நினைத்தோமே, அது எங்கள் அறியாமை. செங்கல் சூளைக்காரன் செத்தபோது அவன் மனைவி தானே போட்டோ கொண்டுவந்தாள். கன்னத்தில் பழைய தழும்பு. "எந்தப் பட்டன்னு சொல்லு மதினி, நானே அமுக்குறேன்," என்று எழுத்துக்கு எழுத்து சேவை அமுக்கினாள். அன்றிலிருந்துதான் கனி அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். போட்டோ கொண்டுவந்தவர் எதைச் சொல்கிறாரோ அதுதான், பிறகு யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு ஆனது. முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்பார்கள். கனியின் சுண்டுவிரல் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கேயே நின்றுவிடும், எஸ்ஸுக்குப் போகாது. வீட்டுக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் கரண்ட் போகாது, போஸ்டர் அச்சாகிவிடும், அவர்கள் எழுந்து போய் அழ ஆரம்பிப்பார்கள்.

இப்படி வருஷங்கள் போயின. தவசி பெட்டி தூக்கினான், கனி போஸ்டர் அடித்தாள், நடுவில் இருந்த சுவர் இருவருக்கும் பொதுவாக இருந்தது. மழையும் வெயிலும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருந்த சுபாஷினியை அரித்து அரித்துக் கடைசியில் ஒரு கண்ணும் கொஞ்சம் நெற்றியும் மட்டும் மிச்சம் இருந்தன. தவசி அந்தப் பக்கம் வண்டியில் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வான்.

இந்த ஆடியில், தவசிக்கு மகள் இருக்கிற ஊருக்கே ஒரு பெட்டி கொண்டுபோகவேண்டி வந்தது. இறக்கிவைத்துவிட்டு வந்தால், அவன் லோடு ஆட்டோவில் ஒரு சின்னப் பயல் ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தான். எறங்குடா என்று அதட்டப்போனவன், அந்த மூக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தவசியுடைய மூக்கு அது. பையனைத் தேடிக்கொண்டு சுபாஷினி வாசலுக்கு வந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்கப்பா," என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் தவசி வீட்டுக்கு வந்து, வழக்கமாகச் சுவரைப் பார்த்து உட்காருகிறவன், கனியைப் பார்த்து உட்கார்ந்தான். "போயிருந்தேன். சாப்பிட்டேன்," என்றான்.

இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகளில் எது முதலில் வரும் என்று கனிக்கே தெரியவில்லை. வந்தது இதுதான்.

"என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு. உப்பு கூட."

"அவ கையே உப்புக் கைதான்," என்றாள் கனி. பிறகு இருவரும் சிரித்தார்கள், பிறகு அவன் அழுதான். பேரன் பெயர் ஆதவன் என்றான், மருமகன் தானே எழுந்து தண்ணீர் மோந்து கொடுத்தான் என்றான். "எனக்குப் போஸ்டர் அடிக்கிறன்னைக்கு அவ பேரப் போடு. அந்த மாப்பிள்ளப் பையன் பேரையும் சேத்துப் போடு," என்றான். நல்ல வார்த்தையாகப் பேசுங்க என்று கனி அவன் வாயைப் பொத்தினாள். அடுத்த நாலைந்து நாளும் அவர்கள் பேசிய பேச்சுச் சத்தம் தெருவுக்கே கேட்டது. அந்த வாரம் முடிவதற்குள், சந்தைத் தெருவில் பெட்டியை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

ஊருக்கே பெட்டி கொடுத்தவனை அவன் கடையிலேயே, அவன் பெட்டியிலேயே கிடத்தினோம். மத்தியானம் ஆகிவிட்டது. காற்றென்றால் அப்படி ஒரு காற்று. காத்தாடிகள் இரைகிற சத்தம் பஜாருக்குள் கேட்டது. நல்ல காத்து, நல்ல காத்து என்று ஒருத்தர் காதில் ஒருத்தர் சொல்லிக்கொண்டோம். தவசி எழுந்துவிடுவான் என்று எங்களுக்கு ஏனோ நிச்சயமாகத் தோன்றியது. வேலாயுதசாமி பெட்டி பக்கத்தில் டீ டம்ளரோடு தயாராக நின்றார்.

சுபாஷினி புருஷனோடும் பிள்ளையோடும் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சுவரில் இருந்த தன்னுடைய ஒற்றைக் கண்ணைத் தாண்டித்தான் அவள் கடைக்கு வரவேண்டியிருந்தது. அவளிடம்தான் போட்டோ இருந்தது. அவள் வீட்டில் சாப்பிடும்போது செல்போனில் எடுத்தது: தவசி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், மடியில் ஆதவன், தவசியின் வாயோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை.

கனி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். போட்டோ கொண்டுவந்தவரைக் கேட்கவேண்டும். கேட்டாள்.

"சேவ் பண்ணவா, வேண்டாமா?"

"வேண்டாம்மா, வேண்டாம். ஒரே ஒரு தடவதான் வந்தாரு. ஒரு வாய் சாப்பிட்டாரு, அவ்வளவுதான். எனக்கு அப்பா வேணும்."

கனி அடிக்க ஆரம்பித்தாள். தோற்றம். மறைவு. தவசி. காற்று ஷட்டரைப் பிடித்து உலுக்கியது. பல்பு ஒருமுறை மங்கித் திரும்பியது. வெளியே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கனியின் சுண்டுவிரல் கன்ட்ரோலில் போய் நின்றது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"சுபா, எந்த அப்பா வேணும்?"

"என்னம்மா கேக்கிற?"

"உங்கப்பா உன் வீட்டுல சாப்பிட்டு ஒரு வாரங்கூட ஆகல. இப்ப கரண்டு போனா எந்திரிப்பாரு. ஆனா அந்தச் சோத்துக்கு இந்தப் பக்கமிருந்து எந்திரிப்பாரா, அந்தப் பக்கமிருந்து எந்திரிப்பாரான்னு எனக்குத் தெரியாது. பசை வாளியோட எந்திரிச்சா?"

சுபாஷினி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எந்திரிக்கட்டும். போஸ்டர் ஒட்டுனவருன்னாலும் எங்கப்பாதான? திரும்பவும் ஒரு நா என் வாசலுக்கு வருவாருல்ல?"

"வருவாரோ என்னவோ. வர்ற வரைக்கும் நான் மறுபடியும் வாய மூடிக்கிட்டு இருக்கணும். என்னால ஆகாது தாயி."

அதைச் சொல்லும்போதும் அவள் கை அடித்துக்கொண்டேதான் இருந்தது, வரி முடிந்ததும் சுண்டுவிரல் கன்ட்ரோலுக்குப் போய்ப் போய் நின்றது. கண்ணீருடன், என்று அடித்தாள். மனைவி சண்முகக்கனி. மகள் சுபாஷினி. மருமகன் அருள்தாஸ். அருள்தாஸ் கதவோரத்தில் நின்று தன் பெயரைப் பார்த்தான். யாரும் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பேரன் ஆதவன். சுபாஷினியின் இடுப்பில் இருந்த பையன் திரையைக் காட்டி, "தாத்தா, ஆட்டோ தாத்தா," என்றான்.

சுபாஷினி அந்தப் போட்டோவையே பார்த்தாள். வாயோரத்தில் அந்தப் பருக்கை. அன்றைக்கு அதைத் துடைத்துவிடக் கையை நீட்டி, கூச்சப்பட்டுப் பாதியில் இழுத்துக்கொண்டதை நினைத்தாள். எழுந்துவருகிறவரிடம் இந்தப் போட்டோவைக் காட்டினால், மடியில இருக்கிறது யாரு வீட்டுப் புள்ள என்று கேட்பாரோ என்று நினைத்தாள்.

"கன்ட்ரோல விடாதம்மா," என்று சொல்லி, பிள்ளையை இறக்கிவிட்டு, அம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து, எஸ்ஸை அவள் அமுக்கினாள்.

கரண்ட் போனது.

பக்கத்துக் கடையில் பெட்டியின் இரைச்சல் நின்றது. எல்லாரும் ஓடிப்போய்ப் பெட்டியைச் சுற்றி நின்றோம். கண்ணாடிக்குக் கீழே தவசி அப்படியே இருந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. மூடி தட்டப்படவில்லை. கனி கடைக்குள்ளேயிருந்து தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுகிற சத்தம் வந்தபோதுதான் எங்களுக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது என்பது கட்டுப்பாடு, நாங்கள் கேட்கவில்லை. வேலாயுதசாமி மட்டும் பெட்டிமேல் கையை வைத்து, "நீ முழுசாப் போறடா தவசி," என்றார். அவர் சொன்னதில் பொறாமை இருந்தது என்று சத்தியம் பண்ணுவேன்.

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் ஒரு தடவை கூடத் தடுமாறாமல் எழுந்தது. போஸ்டர் அப்படியே இருந்தது, ஒரு கட்டம் இல்லை, ஓர் எழுத்துக் குறையவில்லை. கோட்டு, டை, புறா எதையும் கனி வைக்கவில்லை. அச்சடிக்கிற நேரத்தில், "வாயில ஒட்டியிருக்கிறத அழிச்சிரலாமேக்கா," என்று பெஞ்சிலிருந்து யாரோ சொன்னார்கள். அழிக்க மாட்டேன் என்றாள்.

மைதாப் பசையைச் சுபாஷினியே காய்ச்சினாள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தன்னுடைய ஒற்றைக் கண்ணுக்கு மேலே, அருள்தாஸ் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அப்பாவை விரித்து ஒட்டி, உள்ளே காற்று நிற்காமல் உள்ளங்கையால் நெஞ்சிலிருந்து தோள் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துவிட்டாள். பெரிதாக்கி அடித்ததில் அந்தச் சோற்றுப் பருக்கை அவள் கட்டைவிரல் அளவு இருந்தது. கடைசியாக அதன்மேல் விரலை வைத்து, துடைக்கிற மாதிரி ஒருமுறை தடவினாள்.